சுதா தாண்டிய சுவர்

அன்புள்ள வசந்தி,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தீபாவளிக்கு நீ எழுதியதற்கு மாசியில் பதில். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முட்டி வலி, அவ்வளவுதான்.

சின்னவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. போன வாரம், ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுமே, அந்த ஒளிமின் விளைவைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "அம்மா, சிவப்பு விளக்கையே பத்து மடங்கு பிரகாசமா வச்சா எலக்ட்ரான் வந்துடாதா?" என்றாள். எனக்கு வாயடைத்துவிட்டது. இதே பாடத்தில் நான் ஐந்துக்கு ஐந்து, நீ மூன்று. ஒரு வாரம் உன்னை ஓட்டினேனே! புரிந்து எழுதியது நீதான், வசந்தி. இத்தனை வருஷம் கழித்து அது உறுத்துகிறது.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சோடியத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு சிவப்பு ஃபோட்டானின், அதாவது ஒரு ஒளிப் பொட்டலத்தின், கையிருப்பு 1.9தான். விளக்கைக் கூட்டினால் தலை எண்ணிக்கை கூடும், தலைக்கு அதே 1.9. ஊதா, 400 நானோமீட்டர் என்றால் 3.1. வெளியேற்று ஆற்றல் 2.3 போக மிச்சம் 0.8. எலக்ட்ரான் அதிகபட்சம் அந்த இயக்க ஆற்றலோடு ஓடும். சமன்பாடே இந்தக் கழித்தல்தான்! இதையா டீ விடிய விடிய உருப்போட்டோம்?

ஐன்ஸ்டைன் 1905இல் சொன்ன இந்தச் சமன்பாட்டை அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் நம்பவேயில்லை. பொய்யென்று காட்ட வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். காற்றுப் பட்டால் சோடியம் மங்கிவிடும் என்று, வெற்றிடக் குடுவைக்குள்ளேயே கத்தியை வைத்து, வெளியே இருந்து மின்காந்தத்தால் இயக்கி உலோகத்தின் மேல்தோலைச் சீவினார். ஒளியின் அதிர்வெண்ணுக்கு, ஓடும் எலக்ட்ரானைத் தடுத்து நிறுத்தத் தேவையான நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்தால் அழகான நேர்கோடு. அதன் சாய்விலிருந்து, அதிர்வெண்ணை ஃபோட்டானின் ஆற்றலோடு இணைக்கும் பிளாங்க் மாறிலி. 1916இல் சமன்பாடு சரி என்று ஒத்துக்கொண்டவர், ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்பதை மட்டும் ஏற்கவில்லை. உன் மாமியார் மாதிரி: "சாம்பார் நல்லாத்தான் இருக்கு, ஆனா நீ வச்சிருக்க மாட்டே."

சின்னவளுக்கு நம் விடுதிச் சுவரை வைத்து விளக்கினேன். ஆறடிச் சுவர், நாலடி தாவுகிறவர்கள் நூறு பேர் வந்தாலும் ஒருத்திகூடத் தாண்ட முடியாது. "ஒருத்தி தோள் கொடுத்தா?" என்றாள் உடனே. கடும் லேசர் ஒளியில் இரண்டு ஃபோட்டான் சேர்ந்து ஒரே எலக்ட்ரானைத் தள்ளுவது உண்டு, விளக்கு வெளிச்சத்தில் நடக்காது என்று சமாளித்தேன். சுதா பெயரை எடுக்கவில்லை. தோள் உன்னுடையது, பரீட்சை முடிந்ததும் வந்து நீயே சொல்லிக்கொள்.

உன்
மீனா