எல்லாம் மனசுதானா?

அன்புள்ள செல்வம்,

முதுகுவலிக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை, "எல்லாம் மனசுதான் சார்" என்று டாக்டர் அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். உன் கோபம் புரிகிறது. ஆனாலும் அவர் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. சொன்ன விதம்தான் தப்பு.

சித்திரையில் மாமா தவறினார் அல்லவா? பால் தெளித்துவிட்டு வந்த அன்று அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஈசிஜியில் மாற்றம், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதமும் ஏறியிருந்தது. மாரடைப்பு என்றே அவசரமாக ஆஞ்சியோ பார்த்தார்கள். அடைப்பே இல்லை! எக்கோவில் பார்த்தால் இதயத்தின் இடது கீழறையின் நுனி பலூன் மாதிரி உப்பி, சுருங்காமல் கிடக்கிறது.

டாகோட்சுபோ என்றார்கள். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும், வாய் குறுகிய பானையின் பெயராம் அது. உப்பிய இதயம் படத்தில் அச்சு அசல் அந்தப் பானைதான். 1990இல் அங்குள்ள மருத்துவர்கள் வைத்த பெயர். பெரிய துக்கத்திலோ அதிர்ச்சியிலோ அட்ரினலின் வகையறா வெள்ளமாகப் பாய்ந்து இதயத் தசையைத் திகைக்க வைத்துவிடுகிறது என்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

ஒப்பாரியில் "நெஞ்சு வெடிக்குதே" என்று கிழவிகள் பாடும்போது திண்ணையில் உட்கார்ந்து சிரித்தோமே, நினைவிருக்கிறதா?

சரி, உன் முதுகுக்கு வருகிறேன். அத்தைக்குக் காட்ட ஒரு படமாவது இருந்தது, உனக்கு அதுவும் இல்லை. ஆனால் வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979இல் தந்த வரையறையே, வலி என்பது உடலால் உணர்வதும் மனத்தால் படுவதும் சேர்ந்த அனுபவம் என்கிறது. ஸ்கேனில் தெரியாததால் உன் வலி பொய்யாகிவிடாது. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். கடையை விற்ற மாதம்தான் முதன்முதலாக முதுகைப் பற்றி எழுதியிருக்கிறாய். கடையைப் பற்றி அப்புறம் ஒரு வரிகூட இல்லை. அதையும் டாக்டரிடம் சொல்லிப் பார். அதோடு, கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ நாள் தள்ளாமல் உடனே போய்க் காட்டு.

அத்தைக்கு ஆறாவது வாரம் மறுபடி எக்கோ எடுத்தார்கள். "இதயம் பழையபடி ஆயிடுச்சும்மா, எல்லாம் நார்மல்" என்றார் டாக்டர்.

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு அத்தை என்னைப் பார்த்தார்.

அன்புடன்,
ராமு