அஞ்சல்தலைச் சங்கங்களுக்கும் அஞ்சல் அருங்காட்சியகங்களுக்கும்: இயந்திர முத்திரைகள் குறித்து ஒரு திறந்த மடல்

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

பழைய உறை கைக்கு வந்ததும் அஞ்சல்தலை உள்ள மூலையை மட்டும் வெட்டி, தலையைப் பிரித்தெடுக்க நீரில் ஊறவைக்கும் பழக்கத்தை, இயந்திர முத்திரை (கையால் அல்லாமல் அஞ்சலக இயந்திரம் இட்ட முத்திரை) பதிந்த உறைகளிலாவது கைவிடும்படி உங்கள் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்துங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். இயந்திர முத்திரை உறையின் மேல் நீண்டு கிடப்பது: ஊர்ப்பெயரும் தேதியும் தாங்கிய வட்டம் ஒருபுறம், அஞ்சல்தலையைச் செல்லாததாக்கும் கோடுகளோ பறக்கும் கொடியின் உருவமோ மறுபுறம். வெட்டிய துண்டில் பெரும்பாலும் கோடுகள் மட்டுமே எஞ்சுகின்றன. ஊரும் நாளும் குப்பைக்குப் போகின்றன.

1857-இல் லண்டனில் பியர்சன் ஹில் சோதித்த இயந்திரம், 1870-களில் அமெரிக்காவில் அஞ்சலட்டைகளைப் பெருமளவில் முத்திரையிட்ட லெவிட் இயந்திரம், 1894-இல் பாஸ்டனில் தோன்றிய கொடி முத்திரைகள், 1897-இல் கனடாவில் விக்டோரியா அரசியின் வைரவிழாவை அறிவித்த பிக்கர்டைக் இயந்திரத்தின் கொடி, நார்வேயின் கிராக் இயந்திரம் உறையின் நீளத்துக்கும் தொடர்ந்து பதித்த வட்டங்கள் என இவற்றின் வரலாற்றில் பெரும்பகுதியை இன்று முத்திரைகளைக் கொண்டே மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. அஞ்சலட்டைகளில் அஞ்சல்தலை அச்சிடப்பட்டே இருப்பதால் ஊறவைக்க ஏதுமில்லை என்று அவற்றை ஒதுக்குவோரும் உண்டு. லெவிட் முத்திரைகளைத் தேடுபவருக்கு அது பேரிழப்பு.

பட்டியலிடும் முறையிலும் மாற்றம் தேவை. ஊர்ப்பெயரை மட்டும் குறித்தால் போதாது, ஏனெனில் ஒரே ஊரில் அடுத்தடுத்தும் ஒரே காலத்திலும் பல அச்சுகள், அதாவது முத்திரையைப் பதிக்கும் இயந்திரப் பாகங்கள், இயங்கியிருக்கலாம். வட்டத்தின் விட்டத்தையும் வட்டத்துக்கும் கோடுகளுக்கும் உள்ள இடைவெளியையும் மில்லிமீட்டரில் அளந்து, கோடுகளின் எண்ணிக்கையையும் எழுத்துகளின் அமைப்பையும் குறித்தால்தான் ஓர் அச்சை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியும். தேய்மானமும் சான்றுதான்: கொடியின் ஒரு கோட்டில் விழுந்த முறிவு எந்த நாளிலிருந்து தென்படுகிறது என்று தெரிந்துவிட்டால், தேதி தெளிவாகப் பதியாத உறையையும் அதன் முன்னோ பின்னோ வைத்துவிடலாம். உறையின் விளிம்பிலிருந்து முத்திரை எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்பதையும் நான் விடாமல் குறிக்கச் சொல்வேன். கடிதத்தின் முனை தட்டியதும் ஒருமுறை மட்டும் அச்சு சுழலும் இயந்திரத்தில் அந்தத் தொலைவு ஏறக்குறைய மாறாதிருக்கும். ஓயாமல் சுழலும் உருளை அச்சில் அது உறைக்கு உறை மாறும்.

அரியவற்றை மட்டும் பதிவுசெய்யும் பட்டியல்களில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் அச்சு முதலில் பயன்பட்ட நாளையும் கடைசியில் பயன்பட்ட நாளையும் நெருங்கிச் சொல்ல அலைபோன்ற கோடுகள் மட்டும் பதிந்த எளிய உறைகளே உதவுகின்றன. குறிப்பாக, ஒரே ஊரிலிருந்து ஒரே வணிக நிறுவனத்துக்கு ஆண்டுக்கணக்கில் வந்த கடிதக்கட்டு ஒன்று கிடைத்தால், அச்சு மாறிய வாரத்தையே அதில் கண்டுபிடிக்க முடியும். அத்தகைய கட்டு பல கைகளுக்குச் சிதறியபின் அந்த வாய்ப்பு திரும்பாது.

ஆகவே அருங்காட்சியகங்கள் கடிதக்கட்டுகளைக் கழிக்குமுன் முத்திரை ஆய்வாளர் ஒருவரிடம் காட்ட வேண்டும். சங்கங்கள் தங்கள் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் முழு உறைகளையே ஏற்க வேண்டும். பதிவுக்கான படங்களை, அருகில் அளவுகோல் வைத்து, எந்த ஓரமும் வெட்டுப்படாமல் முழு உறையாக எடுக்கச் செய்ய வேண்டும்.