விட்டுப் போனவரை மறுபடி அழைத்தீர்களே: நார்வே கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

நார்வே கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் லீசே கிளாவெனெஸ் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

போன மாதம், 2025 நவம்பர் 16ஆம் தேதி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மிலானில் நீங்கள் இத்தாலியோடு ஆடியபோது எங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி. ஒன்பது கோல் வித்தியாசத்தில் தோற்றால்தான் உங்களுக்கு ஆபத்து என்ற நிலை. அப்படியிருந்தும் முதல் பாதியில் இத்தாலி ஒரு கோல் போட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நார்வே அணியைப் பல வருஷமாகப் பார்த்து வருகிற யாருக்கும் அந்தப் பிசைதல் பழக்கம்தான். அப்புறம் நூசா ஒன்று, ஹாலண்ட் இரண்டே நிமிஷத்தில் இரண்டு, கடைசியில் லார்சன் ஒன்று. 4-1. 1998 உலகக் கோப்பையில் மார்செய் நகரத்தில் உங்களை வெளியேற்றிய அதே இத்தாலியை அவர்கள் வீட்டிலேயே வைத்து அடித்துவிட்டு, 28 வருஷத்துக்குப் பிறகு 2026 உலகக் கோப்பைக்குப் போகிறீர்கள்.

வாழ்த்துகள். ஆனால் இந்த மடலை அதற்காக மட்டும் எழுதவில்லை.

தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டம், எட்டு வெற்றி, 37 கோல். அதில் 16 ஹாலண்ட் போட்டது. இப்படி ஒரு கணக்கு கையில் இருக்கும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சியாளர் ஸ்டோலே சோல்பாக்கனை 2020 டிசம்பரில் அமர்த்திய அன்றே எல்லாம் திட்டமிட்டாயிற்று, படிப்படியாக ஏறி வந்தோம் என்று ஒரு கதை உருவாகும். கூட்டமைப்பின் அறிக்கையில் வரும், அடுத்த வருஷம் விழா மலரிலும் வரும். அந்தக் கதையை எழுதிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நடந்தது அதைவிட நல்ல கதை. கொஞ்சம் அவமானமும் கலந்த கதை.

முதல் அவமானம் உங்களுடையது. ஓஸ்லோவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேசிய அணிக்கு சோல்பாக்கனை நீங்கள் அழைத்தது 2020இல்தான் முதல் முறை இல்லை. ‘டிரில்லோ’ என்று நீங்கள் செல்லமாகக் கூப்பிடும் பயிற்சியாளர் எகில் ஓல்சனுக்குப் பிறகு 2012இல் பொறுப்பேற்க வேண்டியவர் இவர்தான். பேசி முடித்து ஒப்பந்தமும் ஆகியிருந்தது. அப்போது அவர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் கிளப்பில் பயிற்சியாளர். 2011இல் ஜெர்மனியின் கொலோன் கிளப் கூப்பிட்டது, அவர் அங்கே போய்விட்டார். நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகையும் அடித்த பிறகு மாப்பிள்ளை வேறு வீட்டுக்குப் போன மாதிரி.

அந்த வீடும் நிலைக்கவில்லை. ஒரு சீசன் முடிவதற்குள் கொலோன் அவரை வெளியே அனுப்பியது. கிளப்பும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அடுத்து இங்கிலாந்தின் வுல்வ்ஸ். அது இன்னும் குறுகிய காலம். 2013 ஜனவரியில் லீக் அமைப்புக்கே வெளியே இருந்த லூட்டன் அணியிடம் எஃப்ஏ கோப்பையில் தோற்ற கையோடு வேலை போனது. இரண்டு வருஷத்துக்குள் இரண்டு நாடுகளில் இரண்டு வேலைநீக்கம். ‘கோபன்ஹேகனை விட்டு வெளியே வந்தால் இந்த ஆளால் ஒன்றும் முடியாது’ என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

கோபன்ஹேகனில் மட்டும் அவர் வேறு ஆள். இரண்டு தவணையாக அங்கே இருந்து எட்டு முறை டென்மார்க் லீக் பட்டம் வென்றார். 2010இல் பார்சிலோனாவோடு சொந்த மைதானத்தில் 1-1 டிரா. அதற்கு இரண்டு வாரம் முன்பு அவர்கள் மைதானமான கேம்ப் நூவில் நடந்த ஆட்டத்தில், பார்சிலோனாவின் கோல்கீப்பர் பின்டோ நடுவரைப் போல விசிலடித்து எதிரணி முன்கள ஆட்டக்காரரை ஏமாற்றி நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். ஏமாந்தது சோல்பாக்கனின் ஆள்தான். டிரா ஆன ஆட்டம் முடிந்ததும் கோட்டோரத்தில் அவரும் பார்சிலோனா பயிற்சியாளர் குவார்தியோலாவும் முகத்துக்கு முகம் நின்று வாக்குவாதம் செய்தார்கள். உலகமே கும்பிட்டுக்கொண்டிருந்த குவார்தியோலாவிடம் போய் நியாயம் கேட்ட ஆள் என்பதால் எனக்கு அன்றிலிருந்தே இவரைப் பிடிக்கும். அந்த சீசனில் அவர் அணி சாம்பியன்ஸ் லீகின் கடைசி 16இல் நுழைந்தது. அதற்கு முன் எந்த டென்மார்க் கிளப்பும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அதே நகரத்தில்தான் அவர் ஒருமுறை செத்தும் பிழைத்தார்.

2001 மார்ச் 13. அவருக்கு 33 வயது முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எஃப்சி கோபன்ஹேகனின் நடுக்கள ஆட்டக்காரர். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. யாரும் மோதவில்லை, பந்துகூடப் படவில்லை. ஓடிக்கொண்டிருந்த மனிதர் கீழே கிடக்கிறார், அவ்வளவுதான். கிளப் டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். கிட்டத்தட்ட ஏழு நிமிஷம். ஏழு நிமிஷம் என்றால் எவ்வளவு என்று ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன், நாலாவது நிமிஷத்திலேயே தாங்கவில்லை. ஆம்புலன்ஸில் போகும்போது துடிப்பு திரும்பியது. ஒரு நாளுக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து கண் விழித்தார். அதுவரை யாருக்கும் தெரியாமல் இதயத்தில் ஒரு குறை இருந்திருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆட்ட வாழ்க்கை அங்கேயே முடிந்தது. அந்த சீசனில் கோபன்ஹேகன் லீக் பட்டம் வென்றபோது அவர் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்.

இருபது வருஷம் கழித்து, 2021 ஜூனில், அதே நகரத்தின் பார்கன் மைதானத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் அதே மாதிரி விழுந்ததை உலகம் முழுக்கப் பார்த்தோம். சோல்பாக்கன் அத்தனை வருஷம் பயிற்சியாளராக நின்ற மைதானம் அது. அப்போது அவர் உங்கள் பயிற்சியாளர்.

சரி, 2020க்கு வருகிறேன். அந்த ஆகஸ்டில் கோவிட் காலத்து ஆளில்லாத மைதானத்தில் யூரோப்பா லீக் காலிறுதி. ஒரு பக்கம் கோபன்ஹேகன், மறுபக்கம் மான்செஸ்டர் யுனைடெட். கோட்டோரத்தில் நின்ற இருவருமே நார்வேக்காரர்கள்: சோல்பாக்கன், ஓலே குன்னர் சோல்ஷார். 1998 உலகக் கோப்பைக்கும் 2000 யூரோவுக்கும் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஒன்றாகப் போனவர்கள். கோபன்ஹேகன் கோல்கீப்பர் யோன்சன் அன்று 13 ஷாட்டைத் தடுத்தார். கூடுதல் நேரத்தில் மான்செஸ்டருக்கு ஒரு பெனால்டி, அதோடு சரி. ஆட்டம் நடந்த ஊர் எது தெரியுமா? கொலோன். உங்களை விட்டுவிட்டு அவர் ஓடிப்போன அதே ஊர்.

இரண்டு மாதத்தில் கோபன்ஹேகனும் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதே வாரத்தில்தான் ஓஸ்லோவில் செர்பியாவிடம் தோற்று யூரோ வாய்ப்பை நீங்கள் இழந்தீர்கள். வேலை இல்லாத ஒரு பயிற்சியாளர், வாய்ப்பு இல்லாத ஒரு அணி. கிளாவெனெஸ் அவர்களே, அப்போது நீங்கள் தலைவர் இல்லை, உயர்நிலைக் கால்பந்துப் பிரிவின் இயக்குநர். 2011ஐ மனதில் வைத்துக்கொண்டு யாராவது ‘இந்த ஆள் வேண்டாம்’ என்று மேஜையைத் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தாலும் அது எடுபடவில்லை என்பது நல்லதாகப் போயிற்று.

அடுத்து வந்த வருஷங்கள்தான் விழா மலரில் காணாமல் போகும் என்று பயப்படுகிறேன். 2022 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. யூரோ 2024க்கும் போகவில்லை. அதன் தகுதிச் சுற்றில் 2023 ஜூன் 17, ஓஸ்லோவின் உல்லேவால் மைதானம். ஸ்காட்லாந்தோடு 1-0 முன்னிலை, கோல் ஹாலண்டுடையது. 84ஆவது நிமிஷத்தில் ஹாலண்டை வெளியே எடுத்தார் சோல்பாக்கன். 87இல் ஒரு கோல், 89இல் இன்னொன்று. தோல்வி. என் நண்பன் ஒருவன் அன்று இரவு அனுப்பிய செய்தியை இங்கே எழுத முடியாது. நானும் அவனுக்குக் கிட்டத்தட்ட அதே பாஷையில்தான் பதில் போட்டேன். ஹாலண்டும் ஓடகார்டும் ஒரே காலத்தில் கிடைத்த ஒரு சின்ன நாட்டை இந்த மனிதர் வீணடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். 2024 அக்டோபரில், ஐரோப்பிய நாடுகள் ஆடும் நேஷன்ஸ் லீகில், லின்ஸ் நகரில் ஆஸ்திரியாவிடம் 5-1 என்று அடி வாங்கியபோது நான் சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். இனியாவது மாற்றுவார்கள் என்று.

நீங்கள் மாற்றவில்லை. அது பொறுமையா, பிடிவாதமா, வேறு ஆள் கிடைக்காததாலா என்று வெளியிலிருந்து பார்க்கிற எனக்குத் தெரியாது. மூன்றிலும் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அடுத்த மாதமே கசகஸ்தானை 5-0 என்று வென்று நேஷன்ஸ் லீகில் மேல்பிரிவுக்கு ஏறினீர்கள், அதுவும் அந்த ஆஸ்திரியாவைப் பின்தள்ளி. மீதி எல்லோருக்கும் தெரிந்தது. நான் தப்பாகக் கணக்குப் போட்டேன் என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

அதனால் என் கோரிக்கை இரண்டு. ஒன்று, வரலாறு எழுதும்போது 2011இல் முறிந்த ஒப்பந்தத்தையும், அந்த 84ஆவது நிமிஷத்தையும், லின்ஸையும் அப்படியே எழுதுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தவிக்கிற எத்தனையோ நாடுகளின் நிர்வாகிகளுக்கு உங்களின் எட்டு வெற்றிகளால் பெரிய உபயோகம் இல்லை. அதற்கு முந்தைய நாலு வருஷத்தை எப்படிக் கடந்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் படிக்க வேண்டும்.

இரண்டாவது, 2026 ஜூனில் தொடங்கும் உலகக் கோப்பையைப் பற்றி. இந்த மாதம் 5ஆம் தேதி நடந்த குலுக்கலில் பிரான்ஸும் செனகலும் உங்கள் குழுவில் விழுந்திருக்கின்றன. லேசான குழு இல்லை. ஒரு ஆட்டம் கைநழுவினால் ஓஸ்லோவில் பழைய கூச்சல் மறுபடி கிளம்பும்; என் நண்பனும் பழையபடி செய்தி அனுப்புவான். லின்ஸில் தோற்ற மறுநாள் என்ன செய்தீர்களோ அதையே அப்போதும் செய்யுங்கள்.

நார்வே ஆண்கள் அணி கடைசியாக ஆடிய இரண்டு பெரிய போட்டிகளுக்கும் சோல்பாக்கன் ஆட்டக்காரராகப் போனார். அதற்கடுத்த போட்டிக்குப் பயிற்சியாளராகப் போகிறார். நடுவில் 26 வருஷமும் அந்த ஏழு நிமிஷமும். அமெரிக்காவுக்கு விமானம் ஏறும்போது அந்தக் கிளப் டாக்டருக்கும் ஒரு டிக்கெட் அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
மிலான் ஆட்டத்தன்று தூங்காத ஒரு ரசிகன்
2025 டிசம்பர்