கொத்தவரங்காவுக்கு, மார்கழி 8, ராத்திரி பதினொண்ணு

அடி கொத்தவரங்கா,

நல்லாருக்கியா, மாமியாருக்கு முட்டிவலி எப்படி இருக்கு, சின்னவன் அரையாண்டு எப்படி எழுதிருக்கான், எல்லாத்தையும் கேட்டாச்சுன்னு வச்சுக்க. தீபாவளிக்கு நீ அனுப்புன அந்த ஆடுற விளக்கு வீடியோவுக்கு நான் பதில் போடலைன்னு கோவமா இருப்ப, இரு. போன் பண்ணாம மெயில்ல எழுதறேன்னா காரணம் இருக்கு. போன்ல நீ என்னைப் பேச விடமாட்ட, ரெண்டாவது நிமிஷம் "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சிருவ. இந்த தடவை நீ சொல்லல. யாருமே சொல்லல. முழுக்க என் வேலை.

முதல்ல நல்ல சேதி. ஞாயித்துக்கிழமை நம்ம தொலைதூரப் படிப்பு சென்டர்ல கடைசி வகுப்பு, அன்னைக்கே கோஆர்டினேட்டர் சாருக்கு வழியனுப்பு விழா. நம்ம சாவி அண்ணனுக்கும் சேத்துத்தான். அவருக்கு வயசாகல, ஆனா ஜனவரியிலருந்து நேர் வகுப்பு ரொம்ப கம்மியாம், முக்காவாசி ஆன்லைன்தானாம், அப்பறம் யாருக்கு ரூம் தொறக்கறதுன்னு அவரே சொல்லிட்டாரு. சனி ஞாயிறு வந்தா அந்த மூணு ரூம்ல ஆளுக்கொரு மூலையில கண்டக்டரும் போலீஸ்காரரும் சத்துணவு டீச்சரும் உக்காந்து தூங்கி வழிவாங்களே, நாம ரெண்டு பேரும் அதுல யாரு மொதல்ல குறட்டை விடுவாங்கன்னு பந்தயம் கட்டுவோமே, அதெல்லாம் இனிமே இல்லடி. இந்த வருஷம் புதுசா சேர வந்தவங்க பாதிப் பேரு அட்மிஷனுக்கே திண்டாடிப் போயிட்டாங்க. முதல்ல படிப்பு கிரெடிட் சேத்து வைக்கற ஏபிசி ஐடி எடு, அதை வச்சு தொலைதூரப் படிப்புக்குன்னு டெப் ஐடி எடு, அதுக்கு ஆதார்ல இருக்கற போன் நம்பர் வேணும், அந்த நம்பர் மகன்கிட்ட இருக்கும், மகன் திருப்பூர்ல இருப்பான், ஓடிபி வர்றதுக்குள்ள இங்க டைம் முடிஞ்சிரும். சாவி அண்ணன் பக்கத்துல நின்னு "இன்னொருக்கா போடுங்கம்மா, இன்னொருக்கா போடுங்கம்மா"ன்னு சொல்லிட்டே இருப்பாரு, பாவம்.

விழா எப்பவும் போலத்தான். பொன்னாடை, பிளாஸ்க், சீரகசம்பா பிரியாணி. சிறப்பு விருந்தினரா யாரோ ரிட்டயர்டு பேராசிரியர். அவரு 1962-ல டெல்லி பல்கலைக்கழகத்துல அஞ்சல் வழி படிப்பு வந்ததுலருந்து ஆரம்பிச்சாரு, 1971 மதுரை, 1979 அண்ணாமலை, 1981 மெட்ராஸ், 1985-ல டெல்லில இந்திரா காந்தி பேர்ல திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-ல நம்ம தமிழ்நாட்டுக்குன்னு ஒண்ணு, இப்படி வருஷ வருஷமா ஏறி வந்து 2004-ல பாடம் நடத்தறதுக்குன்னே எஜுசாட் செயற்கைக்கோள் விட்டதுக்கு வரும்போது பிரியாணி வாசனை ஹாலுக்குள்ள வந்துருச்சு. எல்லாரும் கைதட்டிட்டாங்க, அவரு முடிஞ்சுதுன்னு நினைச்சு உக்காந்துட்டாரு. மொட்டை மாடியில அந்தக் காலத்து டிஷ் இன்னும் இருக்குடி, அதுல காக்கா கூடு கட்டிருக்கு.

சரி. இப்ப விஷயத்துக்கு வர்றேன், சிரிக்காத.

மார்கழி பொறக்கறதுக்கு முந்தின நாள் ராத்திரி கோலப்புக் நோட்டைத் தேடிட்டு பீரோ மேல ஏறுனேன். கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு மஞ்சப்பை. ஏதோ கல்யாணத்து தாம்பூலப் பைன்னு நினைச்சு இழுத்தா கனமா இருந்துச்சு. உள்ள அசைன்மென்ட் பண்டல். 23 பேப்பர். போன வருஷம் அக்டோபர்ல நான் திருத்தக் கொண்டு வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த வாரம்தான் அம்மா பாத்ரூம்ல விழுந்துச்சு, இடுப்பு எலும்பு, ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா ஓடுனேன், நீ கூட வந்து ரெண்டு நாள் இருந்த. வீட்ட ஒதுங்க வச்சவங்க யாரோ அதைத் தூக்கி மேல போட்டுட்டாங்க. நான் திருத்திக் குடுத்துட்டேன்னே நெனச்சுட்டேன்டி, சத்தியமா. கண்ணை மூடுனா நான் அதை சாவி அண்ணன் மேஜையில வைக்கற மாதிரியே தெரியும். மார்க் ஏறலன்னு ஒவ்வொருத்தரா வந்து கேட்டப்ப தபால்ல போயிருச்சுன்னு எல்லாருமா முடிவு பண்ணோம். சாவி அண்ணன் மட்டும் "எங்கிட்ட வரலம்மா"ன்னு சொல்லிட்டே இருந்தாரு, நான் அவர்கிட்ட கொஞ்சம் கடுசாவே பேசிட்டேன்.

அந்த 23-ல 20 பேரு அடுத்த தடவை திரும்ப எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு பேரு படிப்பையே விட்டுட்டாங்க, எதனால விட்டாங்கன்னு விசாரிக்க எனக்கு இன்னும் தைரியம் வரல. மிச்சம் ஒண்ணு யாருன்னு கேளு. நம்ம மில்லு அக்கா.

ஆமாடி, அவங்களேதான், பத்தாவதோட நின்னு, பிளஸ் டூவ தனியா எழுதிட்டு டிகிரிக்கு வந்தவங்க, நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வகுப்புக்கு வந்து தலைமுடியில பஞ்சோட உக்காந்திருப்பாங்களே. நீ ஓசூர் போனப்பறம் நடந்தது உனக்குத் தெரியாது. 2020-ல சேந்தவங்க, கொரோனாவுல பரிச்சை தள்ளிப் போனதெல்லாம் போக, 2023-க்கே முடிச்சிருக்கலாம். முடிக்கல. ஏன்னா பொண்ணு அந்த வருஷம் இன்ஜினியரிங் சேருது, முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கணும். வீட்ல அம்மா டிகிரி முடிச்சிட்டா பொண்ணு எப்படி முதல் பட்டதாரி ஆகும், பீஸ் சலுகை போயிருமே. அதனால வேணும்னே ரெண்டு பேப்பர் எழுதாம நிறுத்தி வச்சாங்க. "அவ சர்டிபிகேட் வாங்கட்டும் டீச்சர், பொறவு நான் மெதுவா பாஸாயிக்கறேன்"ன்னாங்க. நான் அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். மூணு வருஷப் படிப்ப ஆறு வருஷத்துக்குள்ள முடிக்கணும், அந்த ஆறாவது வருஷம் இந்த டிசம்பர் 31-ஓட முடியுது. பரிச்சை எல்லாம் பாஸ். அந்த 70 மார்க் சமாச்சாரத்துல ஒரு குறையும் இல்ல. ஒரே ஒரு பேப்பருக்கு இந்த 30 மார்க் அசைன்மென்ட் ஏறல, கிரேடு கார்டுல நாட் கம்ப்ளீட்டட்.

திரும்ப எழுதிக் குடுத்துருங்கக்கான்னு நானே ரெண்டு தடவை சொன்னேன். கேக்கல. "நான் குடுத்தேன் டீச்சர், ரசீது இருக்கு, குடுத்தத எதுக்கு மறுபடி குடுக்கணும்"ன்னு ஒரே பிடிவாதம். ஆன்லைன்ல புகார் போட்டாங்க, சென்டரைக் கேளுன்னு பதில் வந்துச்சு. சென்டருக்கு வந்தாங்க. அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நீங்க குடுத்திருக்க மாட்டீங்கக்கா, வேற பேப்பரோட ரசீதா இருக்கும், வீட்ல நல்லா தேடிப் பாருங்க"ன்னேன். பத்து பேரு முன்னாடி. என் வீட்டு பீரோ மேல வச்சுக்கிட்டு.

பண்டல்ல அவங்க பேப்பர் எதுன்னு பேரே பாக்க வேண்டியதில்ல. மத்தவங்க எல்லாம் டேக் போட்டிருப்பாங்க, ஸ்டேப்ளர் அடிச்சிருப்பாங்க. அவங்க மட்டும் மில்லு கோன்ல வர்ற வெள்ளை நூல்ல ஓரமா தைச்சிருப்பாங்க, ரெட்டை முடிச்சு. பக்கத்துக்கு நடுவுல பஞ்சுத்தூசி. கேள்வி சோழர் கால கிராம சபை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தகன் காலம், முப்பது குடும்பு, அதாவது வார்டு, கால்வேலிக்கு மேல சொந்த நிலம் இருக்கணும், 35-லருந்து 70 வயசுக்குள்ள இருக்கணும், ஓலையில பேர் எழுதி குடத்துல போட்டு ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லணும், எல்லாம் வரிசையா எழுதிட்டு, யாரெல்லாம் நிக்கக்கூடாதுங்கற எடத்துல வந்து, முன்னாடி பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவங்களும் அவங்க சொந்தக்காரங்களும்னு எழுதி அதுக்குக் கீழ ஸ்கேல் வச்சு கோடு போட்டிருக்காங்க. ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கோட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அம்மா உள்ளருந்து "யாருடி அழுகறது"ங்குது. கோலமாவு கண்ணுல விழுந்துருச்சுன்னேன்.

ஆறு நாள் யார்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழமை பண்டலை ஹேண்ட்பேக்ல திணிச்சுக்கிட்டு விழாவுக்குப் போனேன், சாரை ஓரமா கூப்பிட்டுச் சொல்லிரலாம்னு. மனுசன் மைக்கப் பிடிச்சு ஒவ்வொருத்தரையா பாராட்டறாரு, என் முறை வருது, "நம்ம டீச்சர் கையில பேப்பர் போச்சுன்னா மூணாம் நாள் திரும்பி வந்துரும், இத்தனை வருஷத்துல ஒரு நாள் தாமதம் கிடையாது"ங்கறாரு. எல்லாரும் கைதட்டுறாங்க. எனக்கும் ஒரு பொன்னாடை. நான் மடியில பேக்க அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறேன். அந்த போட்டோவ குரூப்ல போட்டிருக்காங்க, பாத்திருப்ப, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கேன்.

பிரியாணி முடிஞ்சு எல்லாரும் கிளம்புனப்பறம் சைக்கிள் ஸ்டாண்ட் கிட்ட வச்சு சொன்னேன். சார் ஒண்ணும் பேசல. "இன்னைக்கு தேதி 21 ஆச்சா"ன்னாரு. சாவி அண்ணன் மத்தியானம்தான் சாவிக்கொத்த ஒப்படைச்சிருந்தாரு, அத மறுபடி வாங்கிட்டு வந்து ஆபீஸைத் தொறந்தாங்க. நான் அங்கேயே மேல பொன்னாடையோட உக்காந்து பேப்பரைத் திருத்துனேன். 30-க்கு 24. அதுக்கு மேல போட கை அரிச்சுச்சு, போடல, உத்திரமேரூரோட நிறுத்திட்டு மத்த சபையெல்லாம் விட்டுட்டாங்க.

கவரிங் லெட்டர்ல என்ன எழுதறதுன்னு வந்துச்சு. சார் என் மூஞ்சியப் பாத்துட்டு "தபாலில் தவறி, தற்போது கிடைக்கப் பெற்றதுன்னு போட்டுரலாம்மா, நான் போற ஆளு, என் கையெழுத்த யார் வந்து கேக்கப்போறா"ன்னாரு. நான் தலையாட்டிட்டேன்டி. உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு, நல்லா தெளிவாவே தலையாட்டுனேன். சாவி அண்ணன் ஒரு வார்த்தை சொல்லல. அலமாரியத் தொறந்து போன வருஷ டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரை எடுத்து, அக்டோபர் பக்கத்தப் பிரிச்சு, சார் மேஜையில வச்சுட்டு தள்ளி நின்னுக்கிட்டாரு. அவரு கையெழுத்துல வரிசையா எல்லாம் இருக்கு, என் பண்டல் மட்டும் இல்ல. அந்தப் பக்கத்துல ஒரு மூலை மழுங்கிக் கிடந்துச்சு, எத்தனை தடவை பொரட்டிப் பாத்திருப்பாரோ.

"மதிப்பீட்டாளர் வசம் தங்கிவிட்டதுன்னு போடுங்க சார், என் பேரையும் போடுங்க"ன்னேன். போட்டாரு. மத்த 22-க்கும் சேத்து ஒரு பட்டியல் வச்சோம், அந்த ரெண்டு பேர் பேர்ல மட்டும் நான் பேனாவால வட்டம் போட்டேன். இனிமே எனக்கு திருத்தற வேலை குடுக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன், குடுக்கவும் கூடாது. திங்கக்கிழமை சார் லீவு போட்டு அவரே பஸ் ஏறி ரீஜனல் ஆபீஸ்ல கொண்டுபோய் குடுத்துட்டு சீல் வாங்கிட்டு வந்தாரு.

திங்கக்கிழமை சாயங்காலம் நான் மில்லு கேட்டுக்குப் போனேன், ஷிப்ட் மாத்தற நேரம். என்னப் பாத்ததும் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க அக்கா. டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சு சொன்னேன். திட்டுவாங்க, அழுவாங்கன்னு எல்லாத்துக்கும் தயாராத்தான் போனேன். பேப்பரோட ஜெராக்ஸ் கொண்டு போயிருந்தேன், அத வாங்கி ஒவ்வொரு பக்கமா பாத்தாங்க, அப்பறம் "அப்ப நான் குடுத்தேன்ல டீச்சர்"ன்னாங்க. ஆமாக்கா. "குடுத்துட்டேன்ல?" குடுத்துட்டீங்கக்கா. உடனே போனை எடுத்து பொண்ணுக்கு அடிச்சு என் கையில குடுத்து, "அவகிட்டயும் அவங்கப்பாகிட்டயும் ஒருக்கா சொல்லிருங்க, எங்கேயோ தொலைச்சுட்டு கதை விடறேன்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்காங்க"ன்னாங்க. அந்த மில்லு சத்தத்துல கத்திக் கத்தி அவங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன். அவரு "அப்படிங்களா, சரிங்க"ன்னு வச்சுட்டாரு. டீ காசு அக்காதான் குடுத்தாங்க, நான் எவ்வளவோ சொல்லியும் கேக்கல.

டிகிரி கிடைக்குமா கிடைக்காதான்னு அவங்க கேக்கவே இல்ல, நான்தான் இப்ப அத நெனச்சுத் தூக்கம் வராம உனக்கு டைப் அடிச்சுட்டிருக்கேன்.

அதனாலதான் இந்தக் கடுதாசி. உன் நாத்தனார் வீட்டுக்காரர் யூனிவர்சிட்டில மார்க் ஏத்தற ஈவேல்யுவேஷன் பக்கம்தான இருக்காரு. சிபாரிசு எல்லாம் வேண்டாம், கேக்காத, மார்க்க மாத்தச் சொல்றாப்புல ஆயிரும். 31-ம் தேதிக்குள்ள மார்க் சிஸ்டத்துல ஏறியே ஆகணுமா, இல்ல 22-ம் தேதி சீல் போட்டு வாங்குனதே போதுமா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும். ஏறியே ஆகணும்னா நான் நாளைக்கே லீவுதான், அங்க போய் உக்காந்துக்கறேன். ரீஅட்மிஷன்னு ஒண்ணு இருக்கும்ல, பணம் கட்டி இன்னும் கொஞ்சம் டைம் வாங்கறது, அதுக்கு எவ்வளவுன்னும் கேட்டு வை, கட்ட வேண்டியது நான்தான், அக்காகிட்ட சொல்ல வேண்டாம்.

பதில மெயில்ல போடு, திட்டறதுக்குன்னு தனியா போன் பண்ணு, எட்டு மணிக்கு மேல, அம்மா சீரியல் பாக்கும்போது. அம்மா இப்ப வாக்கர் வச்சு வாசல் வரைக்கும் நடக்குது, என் கோலத்துல புள்ளி கோணலா இருக்குன்னு தினம் நின்னு சொல்லிட்டு உள்ள போகுது. உன் எவர்சில்வர் தூக்குவாளி ரெண்டு இன்னும் இங்கதான் இருக்கு, பீரோ மேல இல்ல, தேடிப் பாத்துட்டேன், சமையக்கட்டுலதான் இருக்கு.

உன்
சேமியா