பணம் கட்டும்போது என்னிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டது ஏன்? பதில் வேண்டி நான்காவது கடிதம்

அனுப்புநர்: துணி ஓரம் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெஷினுக்காக உங்கள் கடைக்கு மூன்று முறை அலைந்த வாடிக்கையாளர் (பெயரும் கைப்பேசி எண்ணும் உங்கள் புகார்ப் பதிவில் உள்ளன)

பெறுநர்: தலைமை மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: அட்டையில் பணம் கட்டி முடித்த பிறகு அடையாளம் கேட்டு விற்பனையை ரத்து செய்தது, பணம் 6 நாள் முடங்கியது, என் அடையாள எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இதையாவது ஒரு மனிதர் படிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த ஃபோன் பேச்சைச் சொல்லிவிடுகிறேன். நடந்ததை வரிசையாகத்தான் எழுத நினைத்தேன், முடியவில்லை. அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. புதன்கிழமை மதியம், சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் வேலையை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தேன். 40 நிமிடம் பாட்டுதான் கேட்டது. பிறகு ஒருவர் எடுத்தார். என் பணம் எப்போது திரும்பும், என்னிடம் மட்டும் ஏன் அடையாள அட்டை கேட்டார்கள் என்று இரண்டே கேள்விதான் கேட்டேன்.

"மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா காட்டிட்டுப் போக வேண்டியதுதானே சார்? எல்லாரும் காட்டுறாங்க" என்றார்.

எல்லாரும் காட்டவில்லை, நான் அங்கேயே நின்று பார்த்தேன் என்றேன்.

"அப்ப உங்ககிட்ட கேக்க ஏதோ காரணம் இருந்திருக்கும்" என்றார். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் இணைப்பு போய்விட்டது.

ஏதோ காரணம். அது என்ன காரணம் என்று எழுத்தில் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்பதில் முக்கால்வாசி அதுதான். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாக முதலிலேயே இயந்திரக் குரல் சொல்கிறது. அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

இனி நடந்தது. உங்கள் விளம்பரத்தின் முதல் பக்கத்தில் போட்டிருந்தீர்களே, நாலு நூல் ஓடும் ஓவர்லாக் மெஷின், அதை வாங்கத்தான் சனிக்கிழமை வந்தேன். சலுகைக்கு அன்றைக்கும் மறுநாளும் மட்டுமே நேரம் இருந்தது. என் மனைவி வீட்டில் தைத்துக் கொடுக்கிறாள். ஒரு கல்யாண வீட்டார் கொடுத்த துணியெல்லாம் வெட்டி வைத்தபடி கிடந்தது. அவளுடைய பழைய மெஷினில் ஓரம் அடித்தால் நூல் பிரிந்துவிடுகிறது. மாலை 5 மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தேன். கையில் பெயிண்ட் கறை, சட்டையில் சுண்ணாம்பு. வேலைக்குப் போகும்போது பர்ஸ் எடுத்துப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. சட்டைப் பையில் வங்கி அட்டை மட்டும் இருந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பெரிய டிவி வாங்கினார். என் மெஷினைப் போல மூன்று பங்கு விலை இருக்கும். அவர் அட்டையைக்கூட எடுக்கவில்லை. கைப்பேசியை இயந்திரத்தின் அருகில் காட்டினார், பில் வந்தது, நன்றி சொல்லி அனுப்பினார்கள். அடுத்து நான். அட்டையைச் செருகினேன், பின் எண்ணை அடித்தேன், பணம் ஏற்கப்பட்டது என்று வந்தது, சீட்டும் வெளியே வந்தது. என் கைப்பேசிக்கு வங்கிச் செய்தியும் வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் மேற்பார்வையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காசாளரின் காதில் எதையோ சொன்னார். காசாளர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது உங்களுதுதானா? ஐடி காட்டுங்க" என்றார். இல்லை என்றதும் விற்பனையை ரத்து செய்துவிட்டார். மெஷின் பெட்டியை என் கண்முன்னாலேயே கவுண்டருக்குப் பின்னால் இழுத்து வைத்தார்.

நான் உடனே போகவில்லை. ஓரமாக நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களில் 7 பேர் அட்டையிலோ கைப்பேசியிலோ பணம் கட்டினார்கள். ஒருவரிடமும் அடையாளம் கேட்கவில்லை. 7 பேரில் ஒருவர்கூட இல்லை, ஐயா. கவுண்டருக்கு மேலே உங்கள் கேமரா இருக்கிறது. பதிவு அழிவதற்குள் எடுத்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை அரை நாள் வேலையை விட்டுவிட்டு அடையாள அட்டையோடு வந்தேன். சலுகை ஞாயிறோடு முடிந்திருந்தாலும், நடந்தது எங்கள் பக்கத்துத் தவறு, பழைய விலைக்கே தருகிறோம் என்று தள மேலாளர் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காசாளர் என் அடையாள அட்டையை வாங்கி, அதன் எண்ணையும் பிறந்த தேதியையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். போதாததற்குத் தன் சொந்தக் கைப்பேசியில் படமும் எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு "ரூல் சார்" என்றார். இத்தனையும் முடிந்து அட்டையைச் செருகினால், இருப்பு போதவில்லை என்று வருகிறது! சனிக்கிழமை ரத்து செய்த தொகை என் கணக்குக்குத் திரும்பவே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கணக்கில் காசில்லாமல் பொருள் வாங்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். அட்டை இவனுடையது இல்லை என்று சனிக்கிழமை, பணம் இல்லை என்று திங்கட்கிழமை. உழைத்துச் சேர்த்த காசோடு வந்தவனுக்கு உங்கள் கடையில் கிடைத்த பெயர் இவை இரண்டும்தான்.

வங்கிக்குப் போனேன். பணத்தைத் திருப்பிவிடச் சொல்லும் ரிவர்சலைக் கடைக்காரர்தான் அனுப்ப வேண்டும், அதுவரை தொகை பிடித்தத்தில்தான் இருக்கும் என்றார்கள். உங்களிடம் கேட்டால் அது வங்கியின் பிரச்சனை என்கிறீர்கள். இருவருக்கும் நடுவில் என் பணம் 6 நாள் தொங்கியது. அந்த 6 நாளில் பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்று வாங்கினேன். 20 வருடமாக யாரிடமும் கை நீட்டாதவன் நான்.

வெள்ளிக்கிழமை பணம் திரும்பியது. அன்று சாயங்காலமே மூன்றாவது முறையாக வந்தேன். தள மேலாளர் விடுப்பில் இருந்தார், அவர் கொடுத்த வாக்கு யாருக்கும் தெரியாது என்றார்கள். கல்யாணத்துக்கு இன்னும் 4 நாள்தான். வேறு வழியில்லாமல் முழு விலை கொடுத்து வாங்கினேன். கவுண்டரில் புதிதாக ஒரு பெண் இருந்தார். அட்டையை வாங்கவே இல்லை, நானே செருகினேன், பின் எண் அடித்தேன், பில்லைக் கொடுத்தார். ஐடி வேண்டாமா என்று நானே கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்று வியப்பாகக் கேட்டார். நல்ல பெண். அவரை எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

அன்று நான் குளித்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தேன். அதே மனிதன், அதே அட்டை, அதே மெஷின். சனிக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் சட்டை ஒன்றுதான் வித்தியாசம்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. அட்டை இயந்திரம் வைக்கும்போதே வங்கியோடு ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள், அதற்கான விதிகளும் உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும். என் மகள் அவற்றைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். மாஸ்டர்கார்டு வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கும் விதிகளில், முறைப்படி அட்டையைக் கொடுத்தவர் கூடுதல் அடையாளம் காட்ட மறுத்தார் என்ற ஒரே காரணத்துக்காகக் கடைக்காரர் விற்பனையை மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. பொருளை வீட்டுக்கு அனுப்ப முகவரி வேண்டும் என்பது போன்ற தேவை இருந்தால் விவரம் கேட்கலாம். நான் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வந்தவன். என் அட்டையில் இருப்பதும் மாஸ்டர்கார்டு சின்னம்தான். கேட்கலாமா என்றால் கேட்கலாம், ஆனால் காட்டாதவரிடம் விற்கமாட்டேன் என்று சொல்லக் கூடாது.

அதுவும் பின் எண் அடித்த பிறகு எதற்கு? அட்டையின் சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்கி வங்கிக்கு அனுப்புகிறது. பின் எண் எனக்கு மட்டும் தெரிந்தது. இரண்டும் பொருந்தி வங்கியும் அனுமதி கொடுத்த பிறகு அது திருட்டு அட்டை என்றே தெரியவந்தாலும், பொதுவாக அந்த நஷ்டம் கடையின் தலையில் விழுவதில்லை. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த காலமே மலையேறிவிட்டது. 2018 ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர் நான்கும் வட அமெரிக்காவில் கையெழுத்தைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. அந்த டிவி வாங்கியவரின் கைப்பேசியில் எந்தப் பெயரைப் பார்த்தார்கள்? அவர் பின் எண்கூட அடிக்கவில்லையே! வங்கியே அனுமதித்த ஒருவனின் முகத்தைப் பார்த்து, இவன் திருடனாக இருக்கலாம் என்று முடிவு செய்ய உங்கள் மேற்பார்வையாளருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மன்னிக்கவும். கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனாலும் எழுதியதை அடித்துவிடப் போவதில்லை.

அடையாளம் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வயது வரம்புள்ள பொருளுக்குக் கேட்கலாம். இணையத்தில் வாங்கியதை எடுக்க வருபவரிடம் கேட்கலாம். உங்கள் உறுப்பினர் அட்டைப் புள்ளிகளை மாற்ற வரும்போது என்னிடமும் கேட்டிருக்கிறீர்கள், முணுமுணுக்காமல் காட்டியிருக்கிறேன். வாசலில் ஒரு பலகை வைத்து, இத்தனை தொகைக்கு மேல் வாங்கும் எல்லாரிடமும் கேட்போம் என்று எழுதி, டிவிக்காரரிடமும் கேட்டிருந்தால், வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்திருப்பேன். ஒருவனை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதற்குச் சந்தேகம் என்று பெயர். அந்தச் சந்தேகத்தைப் பத்துப் பேர் முன்னால் வைத்துத் தீர்த்துக்கொண்டீர்கள்.

அந்த நோட்டு விஷயம் வேறு. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அட்டையின் பின்பக்கம் உள்ள 3 இலக்க எண்ணைக்கூடப் பணம் கட்டி முடிந்தபின் கடைக்காரர் சேமித்து வைக்கக் கூடாது என்பது அட்டைப் பாதுகாப்பு விதி. அந்த எண்ணாவது புது அட்டை வாங்கினால் மாறிவிடும். என் பிறந்த தேதி மாறுமா? அது உங்கள் கவுண்டரில், யார் வேண்டுமானாலும் புரட்டும்படி ஒரு நோட்டில் கிடக்கிறது. கலிபோர்னியாவில் கடன் அட்டையில் வாங்கிய ஒரு பெண்ணிடம் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டுப் பதிந்துகொண்ட வழக்கில், அதுவும் தனிப்பட்ட அடையாள விவரமே என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னது. வெறும் அஞ்சல் எண்ணுக்கே அப்படி. நீங்கள் எடுத்து வைத்திருப்பது என் முழு அட்டையின் படம்.

11 வருடமாக உங்கள் கடையில் வாங்குகிறேன். வீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் உங்களிடம் வாங்கியவைதான். இத்தனை வருட உறவை ஒரு கேள்வியில் அறுத்துவிட்டீர்கள். ஓரம் அடித்து முடிக்க நாள் போதாமல் அந்தக் கல்யாண வீட்டார் பாதித் துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். இனி என் மனைவியை நம்பி அந்தப் பக்கத்திலிருந்து யாரும் துணி கொடுக்க மாட்டார்கள். அவளுடைய தொழிலே போனது என்றுதான் நான் சொல்வேன். எனக்கு இரண்டு அரை நாள் கூலி போனது. வரிசையில் போன மரியாதைக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

கேட்பவை இவைதான். சலுகை விலைக்கும் நான் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். என் விவரம் எழுதிய நோட்டுப் பக்கத்தை அழித்து, காசாளரின் கைப்பேசியில் உள்ள படத்தையும் நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். யாரிடம், எப்போது அடையாளம் கேட்க வேண்டும் என்று உங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கும் விதியின் நகலை அனுப்புங்கள். அப்படி ஒரு விதி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். புதன்கிழமை ஃபோன் எடுத்தவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவருடைய வேலையைப் பறிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும்.

15 நாள் காத்திருப்பேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற பதில் மறுபடி வந்தால், 16-ஆவது நாள் அட்டை நிறுவனத்துக்கும் வங்கிக்கும் விதிமீறல் புகார் போகும், நுகர்வோர் நீதிமன்றத்திலும் மனு போடுவேன். சனிக்கிழமைச் சீட்டு, ரத்துச் சீட்டு, வங்கிச் செய்திகள், வெள்ளிக்கிழமை பில் எல்லாம் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை, நேரமும் இல்லை. தயவுசெய்து போக வைக்காதீர்கள்.

பதில் எழுதும்போது அந்த "ஏதோ காரணம்" என்ன என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சீட்டுகள், வங்கிச் செய்திகள், பில் ஆகியவற்றின் நகல்கள். அடையாள அட்டையின் நகலை இணைக்கவில்லை. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.