பாப்பாவுக்கு, உன் பாடத்திட்டம் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பாடத்திட்டத்தை முழுசாகப் படித்துவிட்டேன், அம்மா வந்து விளக்கை அணைக்கும்வரை. மருத்துவ மாணவர்களுக்கு ஒருங்கிணைந்த மருத்துவம், அதாவது வழக்கமான சிகிச்சையோடு மாற்று வைத்தியத்தையும் சேர்த்துப் பார்ப்பது, சொல்லித் தர உன்னைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை நான் யார் யாரிடம் சொன்னேன் என்று எழுதினால் நீ கூச்சப்படுவாய், விடு. ஆனால் ஃபைலை மட்டும் அனுப்பிவிட்டு "பார்த்துச் சொல்லுங்கப்பா" என்பதோடு முடித்துக்கொள்வது என்ன பழக்கம்? எப்படி இருக்கிறாய் என்று கேட்ட மெசேஜுக்கு இன்னும் பதில் இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதல் வகுப்பை, மலேரியா மருந்து கண்டுபிடித்த சீன விஞ்ஞானி தூ யூயூவில் தொடங்கியிருக்கிறாய். 2015 நோபல் பரிசு, மலேரியா என்றால் பசங்க நிமிர்ந்துதான் உட்காருவார்கள். ஆனால் நீ எழுதியிருப்பதைப் படித்தால், பழைய நூலில் இருந்தது, அதனால் பலித்தது என்பது போல இருக்கிறது. பழைய சீன நூல் காய்ச்சலுக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லையே, சூடு பட்டால் கெட்டுவிடுமோ என்று அவர் யோசித்தார், குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானில் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகும் எலி, குரங்கு, தங்கள் உடம்பிலேயே சோதனை என்று போய்த்தான் நோயாளிகளுக்கு வந்தது. இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டால் வகுப்பில் பாதிப் பேர் பழசெல்லாம் நல்லது என்று நினைத்துக்கொண்டு போவார்கள், மீதிப் பேர் உன்னையே நம்ப மாட்டார்கள்.

முதுகுவலிக்கு அக்குபங்சர் செய்து பார்த்த அந்த ஜெர்மன் ஆய்வை (2007) வைத்திருப்பது ரொம்ப நல்லது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் முறைப்படி ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4. ஒருவன் எழுந்து ஊசி ஜெயித்தது என்பான், இன்னொருவன் எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால் அந்தப் புள்ளிகளுக்கு என்ன அர்த்தம் என்பான். தனக்கு வழக்கமான சிகிச்சைதான் கிடைக்கிறது என்று தெரிந்த நோயாளிக்கு என்ன எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்று மூன்றாவதாக ஒருத்தி கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நீ கேள். ஹோமியோபதிக்கு இரண்டு வகுப்பு எதற்கு என்று புரியவில்லை. எந்த நோய்க்கும் பலன் தருகிறது என்று நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என ஆஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-இல் சொன்னதை வைத்து அரை வகுப்பில் முடித்துவிடலாம்.

மிச்சமாகும் நேரத்தை மூலிகை-மருந்து மோதலுக்குக் கொடு. அதைக் கடைசியில், பரீட்சைக்கு முந்தின வாரத்தில் தள்ளியிருக்கிறாய், அது எனக்குப் பிடிக்கவில்லை. அதிலும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக்கு ஒரே ஒரு ஸ்லைடு! "மனச்சோர்வுக்குப் பயன் உண்டு" என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008 காக்ரேன் அலசலில் வெற்று மாத்திரையைவிட மேலாகவும் வழக்கமான மனச்சோர்வு மாத்திரைக்குச் சமமாகவும்தான் வந்தது. வேலை செய்கிறது என்பதால்தானே பயமே. கல்லீரலின் என்சைம்களைக் கிளப்பிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாக வெளியேற்றிவிடுகிறது. ஜூரிக்கில் மாற்று இதயம் பொருத்தியிருந்த இரண்டு பேருக்கு இதைச் சாப்பிட்டதில் மாற்று உறுப்பை உடம்பு தள்ளாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கி, உடம்பு அந்த இதயத்தை ஏற்க மறுக்கத் தொடங்கியது, 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்ஐவி மருந்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நிறுத்தினாலும் உடனே தீராது, வாரக்கணக்கில் இழுக்கும்.

அது ஒரு பக்கம். மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் நடக்கிறது வேறு. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, முற்றினால் காய்ச்சலும் குழப்பமும். உனக்குத் தெரியாததா, நீ டாக்டர், நான் ஓய்வு பெற்ற மருந்தாளுநர். ஆனாலும் ஸ்லைடில் இல்லை, அதனால் சொல்கிறேன். மஞ்சள் பூப் படம் போட்ட டப்பா பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது, குளியலறை அலமாரியில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1990-இல் எடுத்த கணக்கெடுப்பை நீயே போட்டிருக்கிறாய், மூன்றில் ஒருவர் வழக்கத்துக்கு வெளியே ஏதாவது சிகிச்சை எடுத்தார், அவர்களில் 72 சதவீதம் பேர் தங்கள் டாக்டரிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு வகுப்பு வை. திட்டுவார் என்ற பயம் ஒன்று. இதெல்லாம் மருந்தா என்ற நினைப்பு இன்னொன்று. "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், கவுண்டரில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க அந்த "இல்லை"யைக் கேட்டவன் நான். தூக்கத்துக்கு என்ன எடுக்கிறீர்கள், வலிக்கு என்ன, மனசு சரியில்லாதபோது என்ன என்று தனித்தனியாகக் கேட்டால்தான் கைப்பையைத் திறப்பார்கள். படித்தவர்கள் இன்னும் மோசம், எல்லாம் தெரியும் என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். அதிலும் டாக்டர்கள் இருக்கிறார்களே.

இன்னொன்று, நர்ஸ்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் தனி வகுப்பு என்று போட்டிருக்கிறாய். மாணவர்களோடு ஒன்றாக உட்கார வை. ராத்திரி டியூட்டி நர்ஸிடம் சொல்வதை நோயாளி காலையில் ரவுண்ட்ஸில் சொல்வதில்லை. பெல்ஜியத்தில் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி கலந்துபோய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதே, 1993-இல் வெளியே வந்தது, அதையும் எல்லாரும் சேர்ந்து படிக்கட்டும். கொடுத்தவர்களும் டாக்டர்கள்தான்.

இங்கே பெரிசாகச் செய்தி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அத்தை வீட்டு விஷயம் அப்படியேதான், நீ அதில் தலையிட வேண்டாம். உன் தம்பி ஃபோன் பண்ணினான், நீ அவனிடமும் பேசுவதில்லை என்றான். போன தடவை வந்தபோது உன் கை நடுங்கியது, தூக்கம் இல்லை அப்பா என்றாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த வருஷத்துக்கு அப்புறம் உன்னிடம் எதையும் துருவிக் கேட்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்கவும் இல்லை. நான் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை முதல் வாரத்துக்குக் கொண்டு வா.

மாணவர்கள் தாங்கள் எடுக்கும் எல்லாவற்றையும், மாத்திரை, பொடி, கேப்ஸ்யூல், டீ என்று ஒன்று விடாமல் எழுதும் படிவம் ஒன்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பாடத்திட்டத்திலேயே நல்ல பக்கம் அதுதான். ஆசிரியை ஒரு தடவை நிரப்பிப் பார்த்தால்தான் எந்தக் கட்டம் போதவில்லை என்று தெரியும். நீ நிரப்பி எனக்கு அனுப்பு. பெயர், அளவு, எப்போதிலிருந்து, யார் சொல்லி, அவ்வளவு போதும். அம்மாவிடம் காட்ட மாட்டேன், ஏன் எதற்கு என்று கேட்கவும் மாட்டேன், எது எதோடு மோதுகிறது என்று மட்டும் சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறேன். அப்படி ஏதாவது இருந்தால் நீயாக எதையும் சட்டென்று நிறுத்தாதே, இரண்டில் எதையும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அந்தத் தாளை அன்றைக்கே காட்டு. கை நடுக்கமும் வியர்வையும் அதிகமாக இருந்தால் என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் போய்விடு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. இல்லாவிட்டால் நான் கிளம்பி வருவேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

அப்பா