துப்பறியும் நாவல்களைத் தொடராக்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்த் துப்பறியும் நாவல்களைத் தொலைக்காட்சித் தொடர்களாகவும் இணையத் தொடர்களாகவும் எடுப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நடிகர் எந்தத் துப்பறிவாளருக்குப் பொருந்துவார் என்பதிலேயே கட்டுரையின் பெரும்பகுதி சென்றுவிட்டது. சுவையான பேச்சுதான், சுஜாதாவின் துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷுக்கும் வசந்துக்கும் ஒவ்வொரு வாசகரும் மனத்தில் ஒரு முகம் வைத்திருக்கிறார், யாரை நடிக்க வைத்தாலும் பாதிப் பேர் கோபித்துக்கொள்ளத்தான் போகிறார்கள். ஆனால், தொடர் தேறுமா தேறாதா என்பது நடிகர் தேர்வைவிட வேறு இரண்டு முடிவுகளைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். ஒரு நாவலுக்கு எத்தனை எபிசோடுகள் என்பது ஒன்று. கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பது மற்றொன்று.

துப்பறியும் நாவலை எழுதுபவர் கடைசி அத்தியாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறார். கொலையாளி யார், எப்படிச் செய்தான், எந்த இடத்தில் சறுக்கினான் என்பவை முன்னரே தீர்மானிக்கப்பட்டு, அதற்கேற்ப ஒவ்வொரு காட்சியும் அளந்து வைக்கப்படுகிறது. நம் நெடுந்தொடரோ முடியாமல் இருப்பதாலேயே பிழைப்பது. ஏறத்தாழ நூறு பக்கமுள்ள ஒரு மாத நாவலை ஆண்டுக்கணக்கில் இழுத்தால், சந்தேகத்துக்குரிய ஐந்து பேரின் வீட்டு மாமியார் மருமகள் சண்டைகள் அனைத்தும் கதைக்குள் குடிவந்துவிடும். கொலையுண்டவரைக் கதையே மறந்துபோகும். பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்து நடுவழியில் கொலையாளியை மாற்றினால் அதுவரை காட்டிய தடயங்கள் எல்லாம் பொய்யாகிவிடும், பார்த்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள் ஆவார்கள்.

இதை நன்றாகச் செய்தவர்கள் அளவில் கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் பொய்ரோ கதைகளை டேவிட் சூஷேவை வைத்து 1989 முதல் 2013 வரை 70 எபிசோடுகளாக எடுத்தபோது, சிறுகதைகளை ஒரு மணி நேரத்திற்குள்ளும் நாவல்களைத் திரைப்பட நீளத்திலும் முடித்தார்கள். வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயின் துப்பறிவாளர் வியோம்கேஷின் கதைகளை 1993-இல் தூர்தர்ஷனுக்காக இந்தியில் இயக்கிய பாசு சட்டர்ஜி, பெரும்பாலான கதைகளை ஓரிரு எபிசோடுகளிலேயே முடித்துவிட்டார். இந்தி அவ்வளவாகத் தெரியாத நம் வீடுகளிலும் அதை உட்கார்ந்து பார்த்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் நன்கறிந்த, சிமெனோன் படைத்த காவல் அதிகாரி மேக்ரே, புருனோ க்ரெமெரின் நடிப்பில் 1991 முதல் 2005 வரை 54 எபிசோடுகளாக வந்தார். எபிசோடுக்கு ஒரு வழக்குதான். இவற்றிலெல்லாம் நிலையாகத் தொடர்வது துப்பறிவாளரும் அவரைச் சுற்றியுள்ள ஓரிருவரும் மட்டுமே. நமக்கும் அந்த ஏற்பாடு அந்நியமானதன்று. கணேஷ் வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக் ரூபலா என்று இணை மாறாமல் வழக்கு மட்டும் மாறுவதுதானே நம் வாசகர்களுக்குப் பழகிய முறை. ஒரு நாவலுக்கு மூன்று அல்லது நான்கு எபிசோடுகள், அதற்கு மேல் வேண்டாம்.

நீண்ட மர்மக் கதைக்குத் தமிழில் வெற்றியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை நாகா ‘மர்மதேசம்’ என்ற தொலைக்காட்சித் தொடராக இயக்கியபோது ஊரே அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தது. ஆனால் அது வாரத்துக்கு ஒருமுறை வந்த தொடர் என்பதையும், கோயில், ஊர்த் தெய்வம், மனநோய் என்று பல இழைகள் பின்னிய கதை என்பதையும் மறக்கக் கூடாது. மூடிய அறைக்குள் நடந்த ஒரு கொலையை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் போக முடியாது.

அளவை அடுத்துத் திரைக்கதை ஆசிரியரைச் சோதிப்பது தடயம். எழுத்தில் தடயத்தை ஒளிப்பது எளிது. அறையில் ஒரு மேசை, அதன்மேல் நேற்றைய நாளிதழ், பாதி குடித்த காபி டம்ளர், அணைந்திருந்த விளக்கு, மூடிய ஜன்னல் என்று ஒரே மூச்சில் எழுதிச் சென்றால் வாசகர் டம்ளரைத் தாண்டிப் போய்விடுவார். முடிவில் திரும்பி வந்து பார்த்தால் அது அங்கேயே இருக்கும். கேமராவுக்கு அந்த வசதி இல்லை. டம்ளரை நெருக்கத்தில் காட்டினால் பாட்டியும் கண்டுபிடித்துவிடுவார். காட்டாமலே விட்டுக் கடைசியில் எடுத்து நீட்டினால் அது மோசடி. விசாரிக்க வந்த காவலர் உட்கார இடமில்லாமல், பேசிக்கொண்டே டம்ளரை நகர்த்திவைத்துவிட்டு மேசை ஓரத்தில் அமர்வதாக எடுத்தால், தடயம் கண்ணிலும் படும், கருத்திலும் தங்காது. இப்படி யோசிப்பதற்குத்தான் நேரமும் சம்பளமும் ஒதுக்க வேண்டும். அதைவிட்டு, சந்தேகத்துக்குரியவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தை மூன்று கோணத்தில் காட்டி இடி முழங்கச் செய்வது, எழுதியவர் மறைத்ததைப் போட்டு உடைப்பதாகும்.

சில நாவல்கள் தாமாகவே திரைக்கு இசைந்து வரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போன்ற இரண்டு கதைகளை ஒற்றைப்படை அத்தியாயம், இரட்டைப்படை அத்தியாயம் என மாறிமாறிச் சொல்லிக் கடைசியில் இணைப்பதைப் பல நாவல்களில் கையாண்டிருக்கிறார். அந்த வெட்டும் ஒட்டும் படத்தொகுப்பாளருக்காகவே எழுதியவை போலிருக்கும். தேவனின் நகைச்சுவைத் துப்பறிவாளர் சம்புவோ இதற்கு நேர்மாறு. சம்பு மூளையால் துப்பறிவதே இல்லை. தற்செயல்தான் அவருக்காக வேலை செய்கிறது, சிரிப்பு முழுவதும் தேவன் அதைச் சொல்லும் தொனியில் இருக்கிறது. சொல்பவர் இல்லாத திரையில் அந்தப் பொறுப்பு நடிகரின் உடம்புக்கு வந்துவிடும். தூர்தர்ஷனில் சம்புவாக நடித்த காத்தாடி ராமமூர்த்தி அதைச் சுமந்தார். இங்கே மட்டும் நடிகர் தேர்வு பற்றிய தங்கள் கட்டுரையாளரின் கவலையோடு ஒத்துப்போகிறேன்.

இனி, காலம். நம் துப்பறியும் நாவல்களில் சிறந்தவை பல, கைப்பேசி வருவதற்கு முன் எழுதப்பட்டவை. வெளியூருக்குப் பேசப் பதிவுசெய்து காத்திருந்த டிரங்க் கால் கிடைக்கத் தாமதமானது, தந்தி கைமாறியது, ரயிலில் வந்தவரை யாரும் பார்க்கவில்லை என்பவற்றின் மேல்தான் அந்த முடிச்சுகள் நிற்கின்றன. இன்றைய தெருவில் அதே கொலையை வைத்தால் கண்காணிப்பு கேமராவும் கைப்பேசிக் கோபுரத் தகவலும் முதல் எபிசோடிலேயே வழக்கை முடித்துவிடும். உடனே கேமரா பழுது, கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்று எழுதித் தப்பிப்பார்கள். பொய்ரோ நாவல்கள் 1920 முதல் 1970கள் வரை வெளிவந்தவை. தொடரை எடுத்தவர்கள் பெரும்பாலும் 1930களையே எல்லாவற்றுக்கும் காலமாக வைத்து, அதிலிருந்து நகரவில்லை. மாறாக, பி.பி.சி. 2010-இல் ஷெர்லக் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்தபோது கதைகளைப் பிரித்துப்போட்டுப் புதிதாகவே கட்டினார்கள். இரண்டும் நேர்மையான வழிகள். பழைய முடிச்சையும் புதிய கைப்பேசியையும் ஒன்றாகக் கட்டுவதுதான் கூடாதது.

இதற்கு எங்கள் வட்டாரமே நல்ல சான்று. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், காவல்துறையும் மாறிவிடும். இந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி, அந்தப் பக்கம் வேறு அதிகாரம். தமிழகக் கிராமங்களும் புதுச்சேரிக் கொம்யூன்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகிடக்கும் இந்த நிலப்பரப்பில், எல்லையோரத்தில் கிடக்கும் ஒரு பிணம் யாருடைய வழக்கு என்பதே அரை நாவலுக்குக் காணும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே எல்லை காட்டிப் புகாரைத் திருப்பியனுப்பும் காட்சி வேண்டுமென்றால் கதையை முந்தைய காலத்தில் நிறுத்துவதே நல்லது. அன்றைய வழக்கறிஞர் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் முந்நூற்று இரண்டாவது பிரிவு என்று சொல்லட்டும்; இன்றைய கதையானால் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவாகிவிட்டது. இது தெரியாமல் எழுதப்பட்ட நீதிமன்றக் காட்சிகள் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பழைய காலத்தை எடுக்கச் செலவாகும் என்பார்கள், உண்மைதான். ஆனால் திண்ணையும் முற்றமும் கொண்ட தமிழர் வீதி வீடுகளும், கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக் கால வீதிகளும் இங்கே இன்னும் இருக்கின்றன. படப்பிடிப்புக் குழுக்கள் அவற்றைக் காதல் பாட்டுக்கும் திருமணப் புகைப்படத்துக்கும் பின்னணியாக மட்டுமே பயன்படுத்துகின்றன. சைக்கிள் ரிக்‌ஷா ஓடிய, இரவில் ஆளரவம் அடங்கிய அந்த வீதிகளில் ஒரு துப்பறிவாளர் நடந்துபோக எந்தத் தயாரிப்பாளரும் இதுவரை பெரிதாக ஆசைப்படவில்லை.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குக் காப்புரிமை உண்டு. 1942-இல் மறைந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களையும், 1957-இல் மறைந்த தேவனின் கதைகளையும் இன்று யாரும் எடுக்கலாம். துப்பறிவாளர் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் 1977-இல் மறைந்தார், ஆகையால் அவர் எழுத்துக்கு 2037 முடியும்வரை குடும்பத்தின் அனுமதி வேண்டும். வாழும் எழுத்தாளர்களிடம் கதையை வாங்கிக்கொண்டு அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவது என்ன கணக்கென்று புரியவில்லை. சுபாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் நாவலோடு நிற்காமல் திரைக்கும் எழுதியவர்கள். எந்தத் தடயத்தை எங்கே வைத்தார்கள், அதை எடுத்துவிட்டால் எந்த முடிச்சு அவிழும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் கதை விவாத அறையில் வேறு யார் இருக்க முடியும்? அடுத்த கட்டுரையில் நடிகர் பட்டியலுக்குப் பதிலாக இவர்களைச் சந்தித்து, தங்கள் நாவல்களில் எது மூன்று எபிசோடுகளில் அடங்கும், எதைத் திரைக்கே கொண்டுபோகக் கூடாது என்று கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.